உச்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து மைதானத்தைத் திறக்காதீர்கள்

பெறுநர்: தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர்கள், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்கள், குறுவட்டப் போட்டிகளை நடத்தும் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வானிலைத் தரவோடும் விளையாட்டு மைதானத்தோடும் தினமும் புழங்குகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான். வெயில் நாளில் பயிற்சியோ போட்டியோ நடத்தலாமா, எவ்வளவு நேரம், எத்தனை இடைவேளை என்பதை அன்றைய உச்ச வெப்பநிலையை வைத்து முடிவு செய்வதை நிறுத்துங்கள். ஈரப்பதம், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் எண்ணை, மைதானம் மைதானமாக, மணிக்கு மணி பாருங்கள். அந்தக் கணக்குக்கு வேண்டிய தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆறாம் வகுப்புக் கணிதம் போதும். எங்கே தப்பு வரும் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். மடலின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். மே மாதம், பகல் ஒரு மணி. கரூர்ப் பக்கம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம். சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். செய்தியில் கரூர்தான் வரும், ‘சதம் அடித்த வெயில்’ என்று. சென்னைக்காரர்கள் பரவாயில்லை என்று பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஓடுகிற பையனின் உடம்புக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். கரூரில் காற்று சுடுகிறது, ஆனால் வியர்வை காய்கிறது. சென்னையில் வியர்வை சொட்டுகிறது, காயவில்லை. சொட்டி விழுந்த வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தோலின் மேல் ஆவியானால்தான் சூடு வெளியே போகும். ஊர்வாயில் இதற்கு வெயில், புழுக்கம் என்று இரண்டு சொற்கள் உண்டு. நம் எச்சரிக்கை முறைக்குத்தான் ஒரு சொல் குறைகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல்படி, வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் தொட வேண்டும். கூடவே இயல்பைவிட 4.5 டிகிரியாவது அதிகம் இருக்க வேண்டும். 34 டிகிரிப் புழுக்க நாள் இந்த வலையில் சிக்காது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். அதே மாதம் 6-ஆம் தேதி மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அன்று வெயில் 40-ஐத் தொடவில்லை. வேடிக்கை பார்த்து நின்றவர்களுக்கே அந்த நிலை என்றால், 3000 மீட்டர் ஓடுகிற மாணவிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடுகிற உடம்பு தனக்குள்ளேயே அடுப்பு மூட்டிக்கொள்கிறது. வெளிச்சூடு அதன் மேல் சேர்கிற பாரம்.

இந்தப் பாரத்தை அளக்கும் எண் புதியதல்ல. அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தில் வீரர்கள் சுருண்டு விழுந்ததைத் தடுக்க யாக்லூ, மினார்ட் என்ற இருவர் வகுத்து 1957-ல் வெளியிட்டார்கள். டபிள்யூ.பி.ஜி.டி. என்பார்கள், ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை. மைதானத்தில் வாய்க்கு வசதியாக இருக்க, இந்த மடலில் அதை ‘வெக்கை எண்’ என்றே சொல்கிறோம். மூன்று வெப்பமானிகளின் கலவை அது:

வெக்கை எண் = 0.7 × ஈரக்குமிழ் + 0.2 × கருங்கோளம் + 0.1 × காற்று

ஈரக்குமிழ் என்பது ஈரத்திரி சுற்றி வெயிலிலும் காற்றிலும் திறந்து வைத்த வெப்பமானி. கருங்கோளம் என்பது மங்கலான கறுப்பு பூசிய 150 மில்லிமீட்டர் உலோக உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி. வெயிலையும் தரையின் அனலையும் அது வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, நிழலில் உள்ள சாதாரண வெப்பமானி. நாம் தினமும் செய்தியில் கேட்கிற வெப்பநிலைக்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் எடை என்பதைக் கவனியுங்கள். வெயில் இல்லாத இடத்திலும் இரவிலும் 0.7 ஈரக்குமிழ், 0.3 கருங்கோளம்.

கருவி இருந்தால் நேரே அளந்துவிடலாம். எல்லாப் பள்ளியிலும் கருவி இருக்காது. ஆகவே வானிலைத் தரவிலிருந்து கணக்கிடும் வழி.

சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தூத்துக்குடி, சேலம் விமான நிலையங்களிலிருந்து விமானிகளுக்காக மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு வெளிவருகிறது. பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒன்று. யாரும் பார்க்கலாம். அதில் 34/25 என்று ஓர் இடம் வரும். முதல் எண் வெப்பநிலை, இரண்டாவது பனிநிலை, அதாவது காற்றில் உள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. 12008 என்று இன்னோர் இடம்: 120 பாகைத் திசையிலிருந்து 8 நாட் காற்று. நாட் எண்ணிக்கையை 0.51-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 8 நாட் என்றால் 4.1. ஆனால் அது 10 மீட்டர் உயரக் கம்பத்தில் அளந்தது. ஆள் உயரத்தில் முக்கால்தான் இருக்கும், அதாவது 3.1. இந்தக் கால் பங்கைக் கழிக்காமல் விட்டால், மைதானத்தில் இல்லாத காற்றைக் கணக்கில் வீசவிட்டதாகும்.

பனிநிலையை நாங்கள் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஈரப்பதச் சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும் எண். காலையில் 80, மதியம் 50 என்று மாறும், காற்றில் உள்ள நீராவி அப்படியே இருந்தாலும். பனிநிலை அப்படி ஆடாது. நீராவி எவ்வளவோ அதையே சொல்லும். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு கைக்கணக்கு நன்றாகப் பொருந்துகிறது: பனிநிலைக்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைப் பனிநிலையோடு கூட்டுங்கள், ஈரக்குமிழ் வெப்பநிலை வந்துவிடும். 34/25 என்றால் இடைவெளி 9, மூன்றில் ஒரு பங்கு 3, ஆகவே 28. ஸ்டல் என்பவர் 2011-ல் வெளியிட்ட நீளமான சூத்திரம் 27.6 என்கிறது. நாம் சந்திக்கும் 30-லிருந்து 40 டிகிரி வரையான நிலைகளில் வித்தியாசம் பெரும்பாலும் அரை டிகிரி அளவில்தான் இருக்கிறது. குளிர் நாடுகளில் இந்தக் கைக்கணக்கு தவறும். ஊட்டி, கொடைக்கானலுக்கும் வேண்டாம்.

அந்த 28 நிழலில் விசிறி வைத்து அளந்த ஈரக்குமிழ். வெயிலில் திறந்து கிடக்கும் திரி இன்னும் சூடாகும். நல்ல வெயிலுக்கு 1 கூட்டுங்கள், காற்றே இல்லையென்றால் 1.5, காலை வெயிலுக்கு அரை, இரவில் ஒன்றும் வேண்டாம்.

அடுத்தது கருங்கோளம். உச்சி வெயிலில், மேகமில்லாத வானில், கோளம் காற்றைவிட எவ்வளவு சூடாகும் என்பதைக் காற்றின் வேகமே தீர்மானிக்கிறது. ஆள் உயரத்தில் வினாடிக்கு 1 மீட்டர் என்றால் சுமார் 16 டிகிரி அதிகம். 2 மீட்டர் என்றால் 12. 4 மீட்டர் என்றால் 9. காலை எட்டரைக்கு 2 மீட்டர் காற்றில் சுமார் 8. இருட்டிய பின் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த இரண்டு ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் 2 மீட்டர் காற்று. சென்னை 34/25: ஈரக்குமிழ் 29, கோளம் 46. 20.3 + 9.2 + 3.4 = 32.9. கரூர் 40, பனிநிலை 16: ஈரக்குமிழ் 25, கோளம் 52. 17.5 + 10.4 + 4 = 31.9. ஒரு டிகிரி வித்தியாசம் இந்தக் கணக்கின் பிழைக்குள்ளேயே கரைந்துவிடும். ஆறு டிகிரி குறைவான ஊர் ஒன்றும் சொகுசாக இல்லை என்பது மட்டும் உறுதி.

மாவட்ட அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கைக்கணக்கோடு நிற்க வேண்டாம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் லில்யக்ரென் குழுவினர் 2008-ல் வெளியிட்ட முறைதான் இன்று பலரும் நம்பும் முறை. வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, சூரியக் கதிர்வீச்சு, காற்றழுத்தம், இடம், நேரம் கொடுத்தால் மூன்று வெப்பமானிகளையும் ஆற்றல் சமநிலைப்படி கணக்கிட்டுத் தரும். நிரல் இலவசம், ‘ஆர்’ என்ற கணினி மொழியில் தயாராகவே இருக்கிறது. காற்று பூஜ்யம் என்று தரவில் வந்தால் அப்படியே கொடுக்காதீர்கள், 0.5 என்று வையுங்கள். கணக்கு வெடிக்காமல் இருக்கும்.

கதிர்வீச்சுத் தரவு பெரும்பாலான நிலையங்களில் கிடைக்காது. சூரியனின் உயரக் கோணத்திலிருந்தும் மேகத்திலிருந்தும் வருவித்துக்கொள்ளலாம். தெளிந்த வானில் ஒரு சதுர மீட்டருக்கு 910 × சைன்(கோணம்) − 30 வாட். மேகத்துக்குக் கழிவு (வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, மேகம் மூடிய பங்குகளை எண்ண வேண்டும்): 0.75 × (மேக எட்டிலொன்றுகள் ÷ 8)-இன் 3.4 அடுக்கு. போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பாதி வானம் மேகமாக இருந்தாலும் கதிர்வீச்சு நூற்றுக்கு ஏழுதான் குறைகிறது. எட்டில் ஏழு பங்கு மூடினால்தான் பாதிக்குப் பாதி. ‘இன்றைக்கு மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது, பயமில்லை’ என்பது பெரும்பாலும் கண் செய்யும் மோசடி. மேகம் மூடியதும் காற்றும் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

இனி, தப்பு எங்கே நடக்கும் என்பது.

முதல் தப்பு, இரண்டு வேறு நேரத்து எண்களை ஒட்டவைப்பது. செய்தித்தாளில் அதிகபட்ச வெப்பநிலை 38 என்றும் ஈரப்பதம் 80 என்றும் அருகருகே அச்சாகியிருக்கும். 38 பிற்பகலில் அளந்தது, 80 காலை 8.30 மணிக்கு. இரண்டையும் ஒரே வேளையில் நடந்ததாகப் போட்டால் பனிநிலை 34 என்று வரும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு காற்று வீசுவதில்லை. எண் பயங்கரமாக வரும், ஒரு நாள் போட்டியை நிறுத்துவார்கள், ஒன்றும் ஆகாது, மறுநாளிலிருந்து யாரும் அந்த எண்ணை நம்ப மாட்டார்கள். காலைப் பனிநிலையை எடுத்துக்கொண்டு பிற்பகல் வெப்பநிலையோடு சேர்ப்பது ஓரளவு சரி. கடலோரத்தில் அதுவும் சரிவராது, ஏனென்றால் கடற்காற்று நுழைந்ததும் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி இறங்கும், பனிநிலை ஏறும். ‘கடற்காற்று வந்துவிட்டது, இனி ஆடலாம்’ என்பார்கள். காற்று வருவதால் கோளம் ஆறும் என்பது உண்மை. ஈரக்குமிழ் ஏறுவதால் அந்த லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். புதிதாகக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் சென்னைக்குக் கடற்காற்று மாலைவரை வராமலும் போகும்.

இரண்டாவது, நேரம். வானிலைத் தரவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும். ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால் உங்கள் அட்டவணையில் காலை ஆறரைக்கு உச்சி வெயில் அடிக்கும். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் வண்ணம் பூசிய வரைபடமாக வந்தால் யாரும் கவனிப்பதில்லை. சரிபார்க்க எளிய வழி: சென்னையில் கதிர்வீச்சு பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடம் வாக்கில் உச்சத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சுருக்கச் சூத்திரம். ஆஸ்திரேலிய வானிலைத் துறை வழியாகப் பரவிய ஒன்று பல செயலிகளுக்குள்ளும் இருக்கிறது: 0.567 × வெப்பநிலை + 0.393 × ஆவி அழுத்தம் + 3.94. வெயிலும் காற்றும் அதில் இல்லை; ஓரளவு கடுமையான வெயில், லேசான காற்று என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. 34/25-க்கு அது 35.6 என்கிறது, நம் கணக்கைவிட 2.7 அதிகம். இரவில் கேட்கவே வேண்டாம். 30 டிகிரி, பனிநிலை 26, விளக்கொளியில் ஒன்பது மணி ஆட்டம்: சூத்திரம் 34.1 என்று கூச்சல் போடும். சரியான கணக்கு 28.1. ஆறு டிகிரி. சூரியன் மறைந்ததே அதற்குத் தெரியாது. அதிகமாகச் சொல்வதால் பாதுகாப்புதானே என்று நினைக்காதீர்கள். பகலில் உண்மையிலேயே ஆபத்தான மணி நேரத்தையும் இரவின் சுமாரான மணி நேரத்தையும் ஒரே சிவப்பாகக் காட்டினால், ஆட்டத்தை இரவுக்கு மாற்ற யாருக்குத் தோன்றும்?

கைப்பேசியில் வரும் ‘உணரும் வெப்பநிலை’யும் நமக்கு ஆகாது. அதன் மூலக் கணக்கு நிழலில் மெதுவாக நடக்கும் ஆளுக்கானது.

நான்காவது, கட்டத் தரவு. உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் தரும் வானிலைத் தொகுப்புகள் உண்டு; ஐரோப்பாவின் ஈ.ஆர்.ஏ.-5-இல் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடியில் அந்தக் கட்டத்துக்குள் பாதி கடல். பகல் வெப்பநிலை கீழே இழுக்கப்பட்டு, மைதானம் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். பல ஆண்டுப் போக்கு பார்க்க அது பயன்படும்; நாளைய போட்டிக்கு வேண்டாம். பழைய தரவை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: அதில் கதிர்வீச்சு ஒரு மணி நேரத்துக்கான மொத்த ஜூலாக இருக்கும், 3600-ஆல் வகுத்தால்தான் வாட் வரும்.

இவ்வளவும் விமான நிலையத்துப் புல்வெளிக்கான எண். உங்கள் மைதானம் அப்படி இல்லை. நான்கு பக்கமும் கேலரி எழுப்பிய அரங்கிலும், மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள பள்ளி மைதானத்திலும் காற்றைப் பாதியாகக் குறைத்துக் கணக்கிடுங்கள். 34/25 நாளில் 4 மீட்டர் கடற்காற்று நேராக வீசும் திறந்த மைதானத்தில் வெக்கை எண் 32-க்குக் கொஞ்சம் மேல். அதே நேரம் சுவர் சூழ்ந்து காற்று 1 மீட்டராகச் சுருங்கிய மைதானத்தில் 34. இரண்டுக்கும் நடுவே ஒரு தெருதான் இருக்கும். செயற்கைப் புல்லாக இருந்தால் இன்னொரு அரை டிகிரியாவது கூட்டுங்கள். உச்சி வெயிலில் அதன் பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், அந்த அனல் கீழிருந்து கோளத்தையும் குழந்தைகளின் காலையும் தாக்கும். தண்ணீர் தெளித்தால் பரப்பு சட்டென்று ஆறும், சிறிது நேரத்தில் மறுபடி ஏறும். நடுவில் அந்த ஈரம் காற்றில் சேர்கிறது.

பந்தல் விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஷாமியானா போட்டால் கோளம் 46-லிருந்து 37 வாக்கில் இறங்கும்; வெக்கை எண்ணில் 2 டிகிரி மிச்சம். அதே ஷாமியானாவுக்கு மூன்று பக்கமும் துணி மறைப்புக் கட்டினால் காற்று நின்று அந்த லாபத்தைத் தின்றுவிடும். பக்கங்களைத் திறந்து விடுங்கள். தகரக் கூரை நிழல் போலத் தெரியும், ஆனால் பகல் இரண்டு மணிக்கு மேலேயிருந்து அடுப்பு போல் காயும். ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிடும்வரை பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதே பாதி விஷயம். முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டு 1500 மீட்டருக்குப் போகும் மாணவன் ஓடத் தொடங்கும்போதே சூடேறித்தான் இருப்பான்.

மாவட்டத்துக்கு ஒரு கையடக்கக் கருவியாவது வாங்கி, இந்தக் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்குக் கீழே, 1.1 மீட்டர் உயரத்தில், ஆட்டம் நடக்கும் தரைக்கு மேல், முக்காலியில் வையுங்கள். சிறிய கருவி பத்துப் பதினைந்து நிமிடம், 150 மில்லிமீட்டர் கோளம் இருபத்தைந்து நிமிடம் பொறுத்தபின்தான் எண்ணைப் படிக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்து உடனே படித்தால் அது உங்கள் உடம்புச் சூடு. திரி உள்ள கருவிக்குக் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டும். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் உப்புப் படிந்து திரி தண்ணீரை இழுக்காது, எண் ஏறிப்போகும். சிலர் டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு பூசிக் கோளமாக்குகிறார்கள். நல்ல யோசனைதான், விலையும் சொற்பம். ஆனால் 40 மில்லிமீட்டர் பந்தைக் காற்று எளிதில் ஆற்றிவிடும். 1 மீட்டர் காற்றில் பெரிய கோளத்தைவிட 5 டிகிரி குறைவாகக் காட்டும். வெக்கை எண்ணில் 1 குறையும். அந்த 1-ஐக் கூட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் பயன்படுத்தலாம்.

எண் வந்த பின் என்ன செய்வது? நாட்டுக்கு நாடு எல்லை வேறு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு 32-ஐத் தொட்டால் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடக் குளிர்விப்பு இடைவேளை தருகிறது. ஜப்பானின் விளையாட்டு வழிகாட்டி 31-க்கு மேல் உடற்பயிற்சியே கூடாது என்கிறது. சிங்கப்பூர் 31-க்குக் கீழ், 31 முதல் 33, 33-க்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு 2012 முதல் 27.8, 30.5, 32.2, 33.3 என்ற படிகளை வைத்திருக்கிறது. அதுவும் வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர், பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகள். அதை ஒட்டி, நினைவில் நிற்கும்படி எண்களைச் சற்று எளிதாக்கி, நாங்கள் பரிந்துரைப்பது: 28 வரை வழக்கம்போல, மணிக்கு மூன்று முறை தண்ணீர் இடைவேளை. 28-ஐத் தாண்டினால் அந்த இடைவேளை ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், நிழலில். 30.5-ஐத் தாண்டினால் மணிக்கு நான்கு இடைவேளை, மொத்தப் பயிற்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆக்கி கோல்கீப்பரும் விக்கெட் கீப்பரும் கவசத்தைக் கழற்றிவிட்டுப் பழகட்டும். 32-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், அதிலும் இருபது நிமிடம் ஓய்வு, ஓட்டப் பயிற்சி கிடையாது. 33 என்றால் நிறுத்தம்.

இப்படி வைத்தால் சென்னையில் மே மாதம் பகலில் ஆடவே முடியாதே என்று கேட்பீர்கள். ஆமாம், பல நாள் முடியாது. காலை எட்டரைக்கே, 31 டிகிரி, பனிநிலை 26 என்ற சாதாரணக் காலையில், எண் 30.6 வந்துவிடுகிறது. நீண்ட ஓட்டங்களை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, குண்டு எறிதல், உயரம் தாண்டுதல் போன்றவற்றைப் பின்னால் தள்ளலாம். நாங்கள் கேட்பது ரத்து செய்வதை அல்ல, அட்டவணையை மாற்றுவதை.

‘நம்ம பிள்ளைகள் வெயிலுக்குப் பழகியவர்கள்’ என்ற பதிலும் வரும். பழக்கம் என்பது உண்மையான உடல் மாற்றம்தான். வியர்வை சீக்கிரம் வரும், உப்பு குறைவாகப் போகும், இதயத் துடிப்பு அடங்கும். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள், படிப்படியாக, வெயிலில் உழைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் விட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். நம் நாட்காட்டியைப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் தேர்வு. பிள்ளைகள் மாதக்கணக்கில் மின்விசிறிக்குக் கீழே. தேர்வு முடிந்த கையோடு, ஆண்டிலேயே உக்கிரமான வாரங்களில், கோடைக்காலப் பயிற்சி முகாம். முதல் நாளே முழுப் பயிற்சி. இதைவிடப் பழக்கமற்ற உடம்பை இதைவிட மோசமான வாரத்தில் இறக்க முடியாது. முகாமின் முதல் ஐந்து நாளும் மேலே சொன்ன எல்லைகளை ஒவ்வொரு டிகிரி குறைத்து வையுங்கள். நேரத்தையும் பாதியில் தொடங்கிக் கூட்டுங்கள். காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இதே சலுகை.

கத்திரி முடிந்ததும் கதை முடிந்தது என்றும் இருக்க வேண்டாம். சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு நேராக வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் கடைசி வாரம், ஆகஸ்ட் மூன்றாம் வாரம். சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகையும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் அந்த இரண்டாவது சூரியனுக்குக் கீழேதான் நடக்கின்றன. பனிநிலையும் அப்போது குறைவாக இருப்பதில்லை.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒரு பிள்ளை விழலாம். ஓட்டத்தின் நடுவிலோ முடிவிலோ தள்ளாடி, உளறி, காரணமில்லாமல் கோபப்பட்டு, கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னால் அது வெப்ப மயக்கம் இல்லை, வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் வெப்ப வாதம் என்று இன்னும் பல முதலுதவி அட்டைகளில் இருக்கிறது. உழைப்பால் வரும் வகையில் உடம்பு நனைந்தே இருக்கும். அக்குளிலோ நெற்றியிலோ வைக்கும் வெப்பமானி குறைத்துக் காட்டும். 38 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உள்சூடு 41 இருக்கலாம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. சுயநினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

108-ஐ அழையுங்கள். ஆனால் வண்டி வரும்வரை காத்திருக்காமல் கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் இறக்குங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். அரை மணி நேரத்துக்குள் உள்சூடு 39-க்குக் கீழே வர வேண்டும். ஐஸ் தண்ணீரில் முழுக உடம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி ஆறும், 41.5-லிருந்து இறங்க 13 நிமிடம் போதும். ஈரத்துணி போர்த்தி விசிறுவது இதில் கால் பங்கு வேகம்கூட வருவது கடினம், புழுக்க நாளில் அதுவும் இல்லை. தொட்டி இல்லையென்றால் தார்ப்பாய். நடுவில் பிள்ளையைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டில் போலாக்கி, 100 லிட்டர் தண்ணீரும் ஐஸும் கொட்டி அலம்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்ற சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. அதில் 100 லிட்டரை 15 டிகிரிக்கு இறக்க 16 கிலோ ஐஸ், 10 டிகிரிக்கு 22 கிலோ. ஐஸ் பாரை முன்கூட்டியே உடைத்துத் தெர்மாகோல் பெட்டியில் வைக்கவில்லையென்றால், அந்த நேரத்தில் சுத்தியல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதையும் எழுத்தில் வையுங்கள். பயிற்சியாளரிடம் விட்டால் அவருக்கு ஆட்டம் முக்கியம். தலைமையாசிரியரிடம் விட்டால் சிறப்பு விருந்தினர் வரும் நேரம் முக்கியம். எந்த அணியையும் சேராத ஒருவர், கையில் எண், அரை மணிக்கு ஒருமுறை பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுத வேண்டும். எழுதியது எல்லாருக்கும் தெரிய வேண்டும். முந்தைய இரவு முன்னறிவிப்பை வைத்து அட்டவணை போடலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அந்த நேரத்து அளவீட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். முன்னறிவிப்பில் பனிநிலை 2 டிகிரி தவறினால் எண் 1 டிகிரி தவறும், அந்த 1-தான் 32-க்கும் 33-க்கும் நடுவே நிற்கிறது.

இந்தக் கணக்கை ஒரு பக்கத் தாளாகவும், வெப்பநிலையும் பனிநிலையும் கொடுத்தால் எண் வரும் எக்செல் கோப்பாகவும் மாற்றி எல்லா மாவட்டத்துக்கும் ஏப்ரல் முகாமுக்கு முன்பே அனுப்புங்கள். காலை ஐந்தரைக்கு அன்றைய மணிவாரி எண் உடற்கல்வி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி ஒரு சிறு செலவு. குறுவட்டப் போட்டிக்கான செலவுப் பட்டியலில் பந்தல், ஒலிபெருக்கி, கோப்பை, சான்றிதழ் என்று வரிசையாக இருக்கும். அதன் கீழே ‘150 லிட்டர் தொட்டி ஒன்று, தார்ப்பாய் ஒன்று, உடைத்த ஐஸ் 50 கிலோ’ என்று ஒரு வரி சேர்க்க ஒப்புதல் தாருங்கள்.

இப்படிக்கு,
மைதானத்திலும் வானிலைத் தரவிலும் வேலை செய்கிறவர்கள்